சமூகவியல் துறையின் ஆய்வுக் களங்களும் ஆயரின் பணிக்களமும்

இறையியல் மாணவர்க்குச் சமூகவியல் பெரும்பாலும் ஒரு துணைப்பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. தேர்வு முடிந்ததும் அப்பாடத்தின் குறிப்பேடு பெட்டிக்குள் சென்றுவிடுகிறது. பின்னர் அம்மாணவர் குருத்துவ அருட்பொழிவு பெற்று ஒரு சேகரத்திற்கு அனுப்பப்படுகிறார். அங்கே சபையின் ஒரு பகுதியார் மட்டும் ஏன் சேகரக் குழுவில் இடம்பெறுவதில்லை, ஞானஸ்நானம் பெற்ற இளைஞர் ஏன் வேறொரு செபவீட்டை நாடுகின்றனர், வரதட்சணையை எதிர்த்துப் பேசும் மூப்பர் தம் மகனின் திருமணத்தில் ஏன் மௌனமாகிவிடுகிறார் என்னும் வினாக்கள் அவரை எதிர்கொள்கின்றன. இவை திருமறை விளக்கவுரைகளில் விடை காண இயலாத வினாக்கள். ஆனால் பல்கலைக்கழகங்களில் அரை நூற்றாண்டுக்கு மேலாக முறைப்படி ஆராயப்பட்டு வருபவை.

ஆகவே பல்கலைக்கழகச் சமூகவியல் துறைகளின் முதன்மையான ஆய்வுக் களங்கள் யாவை, அவ்வாய்வுகள் நம் தமிழ்நாட்டைப்பற்றிக் கூறுவன யாவை, ஆயர் ஒருவர் அவற்றினின்று கற்க வேண்டுவது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். பொதுப்படப் பேசி முடித்துவிடாதிருக்க ஓர் இடத்தைக் கண்முன் நிறுத்திக்கொள்வது நலம். சென்னையின் மேற்கே, ஆவடிக்கும் செங்குன்றத்துக்கும் இடையே உள்ள வெள்ளானூரை அதற்கெனத் தெரிந்துகொள்வோம். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 1997ஆம் ஆண்டு முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் அடங்கியுள்ள ஊர் அது. ஏரிப் பாசனக் கிராமங்களும் தொழிற்சாலைகளும் மனைப்பிரிவுகளும் ஒன்றையொன்று நெருங்கிவந்துள்ள அப்பகுதியில், சமூகவியலின் ஏறக்குறைய எல்லாக் களங்களையும் ஒரு நாள் நடைப்பயணத்தில் காணக்கூடும்.

துறை தோன்றிய வரலாறு

இந்தியாவில் சமூகவியலுக்கெனத் தனித் துறையை முதன்முதல் அமைத்தது பம்பாய்ப் பல்கலைக்கழகம். 1919ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அத்துறையின் முதல் தலைவர் ஸ்காத்லாந்து நாட்டவரான பாட்ரிக் கெடிஸ் ஆவார். அவர் உயிரியல் அறிஞர். நகர அமைப்பு வல்லுநர். அவர் இந்தியாவுக்கு அனுப்பிய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை 1914இல் எம்டன் போர்க்கப்பல் மூழ்கடித்தது. புதிதாகத் திரட்டிய பொருள்களைக் கொண்டு 1915இல் சென்னையில் அக்கண்காட்சியை அவர் நடத்தினார். ஒரு நகரைச் சீர்திருத்துமுன் அதன் தெருக்களில் நடந்து, மக்கள் அங்கு வாழும் முறையைக் கண்டறிய வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய நெறி. 1924இல் அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜி. எஸ். குர்யே பல மாணவரைப் பயிற்றுவித்தார். அவர்களுள் ஒருவரான எம். என். சீனிவாஸ் 1959இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையைத் தொடங்கினார்.

சென்னையிலோ, இத்தகைய ஆய்வு பொருளியல் துறையின் வழியாக நுழைந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்குச் செல்லும் தம் மாணவரிடம் ஒரு வினாநிரலைக் கொடுத்து, அவரவர் சொந்த ஊரை ஆராய்ந்துவரும்படி பணித்தார். 1916ஆம் ஆண்டளவில் நடைபெற்ற அவ்வாய்வுகளின் தொகுப்பு 1918இல் நூலாக வெளிவந்தது. இந்தியக் கிராம ஆய்வுகளுள் முன்னோடியாக மதிக்கப்பெறும் அந்நூல் மாணவரின் விடுமுறைப் பணியிலிருந்து பிறந்தது என்பதை நம் மாணவர் நினைவிற்கொள்ளலாம்.

இன்று தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் சமூகவியல் துறைகளில் ஆய்வுப் பட்டத்திற்கு வரும் பொருள்களைக் கிராமச் சமூகம், சாதியும் சமூக அடுக்கமைவும், குடும்பமும் திருமணமும், தொழிலும் தொழிலாளரும், நகரமும் குடிபெயர்ச்சியும், சமயம் என ஆறு களங்களாக வகுக்கலாம். பெண்ணியம், மக்கள்நலம், முதியோர் நிலை, கல்வி போன்ற பிற பொருள்கள் இவ்வாறையும் ஊடுருவி நிற்பன.

கிராம ஆய்வு

கிராம ஆய்வின் தனிச்சிறப்பு மறு ஆய்வு ஆகும். ஸ்லேட்டரின் மாணவர் ஆராய்ந்த ஊர்களுள் தென்னார்க்காட்டு இருவேல்பட்டு ஒன்று. அவ்வூர் 1930களில் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் மேற்பார்வையிலும், 1980களின் தொடக்கத்தில் எஸ். குகன், ஜோன் மென்ச்சர் ஆகியோராலும், 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோராலும் மீண்டும் மீண்டும் ஆராயப்பட்டது. நிலவுடைமைக் குடும்பத்தின் ஆதிக்கம் தளர்ந்ததும், படியாள் முறை மறைந்ததும், உழைப்போர் ஊருக்கு வெளியே வேலை தேடியதும் இவ்வாய்வுகளைச் சேர்த்துப் படிக்கையில் புலனாகின்றன. ஒருமுறை மட்டும் பார்த்தவர், தாம் கண்ட நிலையையே அவ்வூரின் என்றுமுள்ள நிலையென எண்ணிவிடக்கூடும். ஒரு நூற்றாண்டின் ஆய்வுகளை அடுக்கிப் பார்ப்பவருக்கோ, மாற்றத்தின் திசை தெரிகிறது.

வெள்ளானூர் அமைந்திருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டமும் நெடுங்காலமாக எண்ணப்பட்டும் ஆராயப்பட்டும் வந்ததாகும். கும்பினியின் பொறியாளர் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை அங்குள்ள ஏறக்குறைய 2000 ஊர்களின் நிலம், வீடு, தொழில், மானியம் ஆகியவற்றைக் கணக்கெடுத்தார். 1891இல் மாவட்ட ஆட்சியர் ட்ரெமென்ஹீர் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைபற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். நிலத்தை உழுது பயிரிட்ட அம்மக்களுக்கு நிலமில்லை என்பதோடு, குடியிருந்த மனையும் மிராசுதாரர் கைக்குள் இருந்தது என்பதை அவ்வறிக்கை வெளிப்படுத்தியது. கூலி போதாதென்று வாய் திறந்தவர் வீட்டையும் இழக்க நேரிடும். அந்நாளில் திருவள்ளூர்ப் பகுதியில் ஊழியம் செய்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடியும், செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காத்லாந்துச் சுயாதீனத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூவும் இந்நிலச் சிக்கலைப்பற்றி எழுதியும் வாதாடியும் வந்தனர். 1892இல் அரசு பிறப்பித்த ஆணையின்வழி தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்ட நிலமே பின்னர்ப் பஞ்சமி நிலம் எனப் பெயர்பெற்றது. அதன் பரப்பு 12 இலட்சம் ஏக்கர் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. அந்நிலத்தின் பெரும்பகுதி பிறர் கைக்குச் சென்றது. அதனை மீட்கக் கோரி 1994இல் செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியாயினர். ஓர் ஆய்வறிக்கை மக்களின் வாழ்வை எத்துணை ஆழமாகத் தொடக்கூடும் என்பதற்கும், அறிக்கை மட்டும் போதாது என்பதற்கும் இவ்வரலாறு சான்றாகும்.

சாதி: ஆய்வாளர் எங்கே தங்கினார்?

சாதி பற்றிய ஆய்வுகளே தமிழ்நாட்டுச் சமூகவியலின் மையம். ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றில் தங்கி ஆராய்ந்து, அதற்கு ஸ்ரீபுரம் என்னும் புனைபெயரிட்டு, 1965இல் தம் நூலை வெளியிட்டார். அக்கிரகாரம், பிராமணரல்லாதார் தெருக்கள், சேரி என அவ்வூர் மூன்று கூறாகப் பிரிந்திருந்தது. முற்காலத்தில் உயர்சாதி, நிலம், அதிகாரம் ஆகிய மூன்றும் ஒரே கையில் குவிந்திருந்தன. பின்னர் அவை ஒன்றினின்றொன்று பிரியத் தொடங்கின என்பது அவர்தம் முடிவு. பெத்தேய் பிரெஞ்சுத் தந்தைக்கும் வங்காளத் தாய்க்கும் பிறந்தவர். அக்கிரகாரத்தில் வீடு கிடைத்து அங்கே தங்கியதனால், ஊரின் பிற பகுதிகளில், குறிப்பாகச் சேரியில், தடையின்றிப் பழகத் தம்மால் இயலாமற்போனதை அவரே மறைக்காமல் எழுதியுள்ளார். பிறப்பினால் எந்தத் தெருவுக்கும் உரியவராயில்லாத அவரையுங்கூட, குடியேறிய தெரு தனக்குரியவராக்கிக்கொண்டது.

செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆய்வு செய்த ஜோன் மென்ச்சர் 1974இல் வெளியிட்ட கட்டுரையில், சாதியமைப்பைத் தலைகீழாக நிறுத்திப் பார்க்க முனைந்தார். மேலிருந்து நோக்கினால் அது தூய்மை, கடமை, ஒருவரையொருவர் சார்ந்த வாழ்வு எனத் தோன்றுகிறது. அடியில் இருப்பவருக்கோ அது உழைப்பைச் சுரண்டும் திறமையான ஏற்பாடாகத் தெரிகிறது என்று அவர் வாதிட்டார். அதே மாவட்டத்தில் ஆராய்ந்த மைக்கேல் மொஃபாட் 1979இல் வெளியிட்ட நூலில் வேறு முடிவுக்கு வந்தார். ஊர்க் கோயிலினின்றும் ஊர்ச் சேவையினின்றும் விலக்கப்பட்ட மக்கள் தமக்குள்ளேயே கோயிலையும், சேவை செய்வோரையும், தம்மினும் தாழ்ந்தோரையும் ஏற்படுத்திக்கொள்கின்றனர். ஆதலால் சாதியின் விதிகளை அவர்களும் ஏற்றுக்கொண்டுள்ளனர் என்பது அவர் கருத்து. பின்னர் இராமநாதபுரம் பகுதியில் கத்தோலிக்கர் வாழும் ஊர் ஒன்றை ஆராய்ந்த ராபர்ட் டெலியேஜ் இதனை மறுத்தார். சாதி என்னும் முறையை அம்மக்கள் ஏற்பதாகத் தோன்றினாலும், தாம் தாழ்ந்தவர் என்பதை அவர்கள் ஒருபோதும் ஏற்பதில்லை என்றார்.

இவர்களுள் யார் கூறுவது சரி என்னும் வாதம் முற்றுப்பெறவில்லை. நாம் இங்கு கவனிக்க வேண்டுவது வேறொன்று. ஒரே நாட்டை ஒற்றுப் பார்த்துவர மோசே அனுப்பிய பன்னிருவர் இருவேறு செய்திகளோடு திரும்பினர். கண்கள் காண்பது நிற்கும் இடத்தையும் மனத்தின் சாய்வையும் பொறுத்தது. சமூகவியலார் இதனை உணர்ந்திருப்பதால், தாம் எங்கே தங்கினோம், எவர் நமக்கு ஊரை அறிமுகம் செய்தார், எந்த வீடுகளில் நுழைய இயலவில்லை என்பவற்றை நூலின் முன்பகுதியிலேயே எழுதிவைக்கும் வழக்கத்தைக் கொண்டுள்ளனர். ஆயர் தம் சேகரத்தைப்பற்றிப் பேசும்போது இத்தகைய முன்னுரையை எழுதிக்கொள்வதுண்டா? ஆயரகம் எந்தத் தெருவில் உள்ளது? அவருக்குச் சேகரத்தை அறிமுகம் செய்தவர் யார்? எவ்வீட்டில் அவர் உணவருந்துகிறார்? சபையின் ஒற்றுமையைப்பற்றி அவர் தரும் சான்று எத்தெருவினின்று எழுகிறது?

புரொட்டஸ்தாந்து சபைகளில் இவ்வினா புதியதன்று. 1833இல் கல்கத்தாப் பேராயர் டானியேல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபையில் முற்றிலும் ஒழிக்குமாறு சுற்றறிக்கை விடுத்தபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் பெருங்கிளர்ச்சி எழுந்தது. 1850இல் சென்னை மிஷனரி மாநாடு சாதிக்கு எதிராகத் தெளிவான தீர்மானம் இயற்றியது. லைப்சிக் மிஷனார் சாதியைச் சமுதாய வழக்கமெனக் கருதிப் பொறுமையோடு நடத்தவேண்டும் என்றனர். அறிக்கைகளுக்கு நம்மிடம் குறைவில்லை. அவ்வறிக்கைகள் பிறந்தபின் சபைகளில் நடந்தது யாது என்பதைச் சென்று கண்டு எழுதியவர்கள் பெரும்பாலும் நமக்குப் புறத்தே உள்ள ஆய்வாளரே.

குடும்பமும் திருமணமும்

அத்தகையோருள் ஒருவர் இலண்டனைச் சேர்ந்த மானிடவியலர் லயனல் காப்லன். அவர் 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் சென்னைப் புரொட்டஸ்தாந்து கிறிஸ்தவர்களிடையே ஆய்வு செய்தார். 1984இல் அவர் வெளியிட்ட கட்டுரை சென்னைக் கிறிஸ்தவர்களிடையே மணமகனுக்குக் கொடுக்கப்படும் விலையைப் பற்றியது. சீதனம் என்று மென்மையாகக் கூறப்படும் இவ்வழக்கம், கல்வியும் நிலையான ஊதியமும் உடைய மணமகனைத் தேடும் நடுத்தர வகுப்பினரிடையே எவ்வாறு ஓங்கியது என்பதை அதில் ஆராய்ந்தார். திருமணத்தில் சாதி எல்லை பெரும்பாலும் காக்கப்படுகிறது என்பதும் அவர்தம் ஆய்வுகளில் புலப்பட்டது. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்குபெறுவோர் சம்பந்தம் பேசுகையில் தனித்தனியே பிரிந்துவிடுகின்றனர்.

இக்கண்டுபிடிப்பு நம்மை நாணச் செய்வது போலவே, சிந்திக்கவும் தூண்ட வேண்டும். வரதட்சணையைப் பேராசை என்னும் தனிமனிதப் பாவமாக மட்டும் கொண்டு பிரசங்கிப்பதே நம் வழக்கம். சமூகவியலார் அதனை வேலை, வர்க்கம், சாதிக்குள் மணமகன் கிடைக்கும் அளவு ஆகியவற்றோடு இணைத்து நோக்குகின்றனர். தன் சாதிக்குள்ளேயே மணமகனைத் தேடவேண்டும் என்னும் கட்டுப்பாடு இருக்கும்வரை, அக்குறுகிய வட்டத்தில் விலை ஏறவே செய்யும். சாதியை விட்டுவிட்டு வரதட்சணையை மட்டும் கண்டிக்கும் பிரசங்கம் வேரை விட்டுக் கிளையை வெட்டுவதாகும்.

தொழில், நகரம், குடிபெயர்ச்சி

சென்னையின் மேற்குப் புறநகர் தொழிற் சமூகவியலுக்கு ஏற்ற களம். 1955இல் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலையும், 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் தோன்றின. உழவுக் கிராமங்களின் நடுவே மாதச் சம்பளம் பெறும் தொழிலாளர் குடியேறினர். அரசுத் தொழிற்சாலை வேலையும் குடியிருப்பும் ஓய்வூதியமும் பல குடும்பங்களைக் கூலி உழைப்பினின்று விடுவித்தன. ஆவடித் தொழிற்சாலையை நிர்வகித்த படைக்கலத் தொழிற்சாலை வாரியம் 2021இல் கலைக்கப்பட்டு, தொழிற்சாலை அரசுக்குரிய நிறுவனம் ஒன்றின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. இத்தகைய மாற்றம் குடும்பங்களில் எவ்வாறு உணரப்படுகிறது என்பது இன்றைய ஆய்வுக்குரிய பொருள்.

தொழிலாளரை ஆராய்ந்தோர் இருவேறு உண்மைகளை எடுத்துக்காட்டியுள்ளனர். கோவைப் பஞ்சாலைத் தொழிற்சங்கத்தைப்பற்றி ஈ. ஏ. இராமசாமி 1977இலும், அங்குள்ள தொழிலாளரின் வேலையையும் சமூக வாழ்வையும்பற்றி உமா இராமசாமி 1983இலும் நூல்கள் வெளியிட்டனர். சங்கத்தில் தோழராய் இணைந்து நிற்போரே வேலை தேடுகையிலும் வீட்டு வாழ்விலும் உறவையும் சாதியையும் சார்ந்திருப்பதை இத்தகைய ஆய்வுகளில் காணலாம். தொழிற்சாலை வந்தால் சாதி மறையும் என்னும் பழைய நம்பிக்கை அவ்வளவு எளிதில் நிறைவேறவில்லை.

நகர ஆய்வில் பால் வீபி 1975இல் வெளியிட்ட நூல் குறிப்பிடத்தக்கது. சென்னைக் குடிசைப் பகுதி ஒன்றைச் சென்னாநகர் என்னும் புனைபெயரால் அவர் விவரித்தார். வெளியார் கண்ணுக்குக் குழப்பமாய்த் தோன்றும் அங்கே தலைமையும், ஒழுங்கும், உதவும் முறைகளும் இருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். குடிசைவாழ் மக்களுக்கு நாம் ஒழுங்கைக் கற்பிக்கச் செல்கிறோம் என்னும் எண்ணத்தோடு நற்பணிக்குப் புறப்படும் சபையார் இதனை அறிவது நன்று.

இன்றைய வெள்ளானூர்ப் பகுதிக்கு இவற்றோடு குடிபெயர்ச்சி ஆய்வும் வேண்டும். தென்மாவட்டங்களினின்று வந்து மனை வாங்கிக் குடியேறியவர், வடமாநிலங்களினின்று தொழிற்பேட்டைக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர், ஒடிசாவினின்று குடும்பத்தோடு செங்கற்சூளைகளுக்கு வருவோர் ஆகியோர் ஒரே மாவட்டத்தில் வாழ்கின்றனர். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்திற்குப் பின்னரும், திருவள்ளூர் மாவட்டத்தின் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் இருளர் குடும்பங்கள் முன்பணக் கடனால் கட்டுண்டிருந்து மீட்கப்பட்ட நிகழ்ச்சிகள் பலமுறை பதிவாகியுள்ளன. இவர்களின் பெயர் எந்தச் சபைப் பதிவேட்டிலும் இராது. வாரத்தில் ஏழு நாளும் வேலை செய்வோர்க்கு ஞாயிறு ஆராதனையின் நேரமும் பொருந்துவதில்லை, பலருக்கு மொழியும் விளங்குவதில்லை. சேகரத்தின் எல்லைக்குள் வாழ்ந்தும் ஆயரின் பார்வைக்குள் வாராத மக்கள் இவர்களே.

சமயம்

சமயச் சமூகவியல் நம்மை நேரடியாகத் தொடும் களம். 1933இல் வெளிவந்த வாஸ்கம் பிக்கெட்டின் ஆய்வு, தேசியக் கிறிஸ்தவ ஆலோசனைச் சங்கத்தின் வேண்டுகோளின்படி நடத்தப்பட்டது. கூட்டமாகக் கிறிஸ்தவராயினோர் உலக நன்மைக்காக வந்தனர் என்னும் குற்றச்சாட்டை அது நேர்காணல்களின் வாயிலாக ஆராய்ந்தது. மக்கள் வந்த நோக்கங்கள் பலவாயினும், ஞானஸ்நானத்திற்குப்பின் பெற்ற போதனையும் பராமரிப்புமே அவர்களுடைய வாழ்வைப் பெரிதும் உருவாக்கின என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. 1957இல் பெங்களூரில் பி. டி. தேவநந்தன் தலைமையில் தொடங்கி, பின்னர் எம். எம். தாமஸ் வழிநடத்திய கிறிஸ்தவ சமய, சமுதாய ஆராய்ச்சி நிலையம் இத்தகைய ஆய்வைத் திருச்சபையின் பணியாகவே கருதியது. 1968இல் பி. ஒய். லூக், ஜான் கார்மன் ஆகியோர் மேதக் பகுதிக் கிராமச் சபைகளைப்பற்றி வெளியிட்ட நூலும், அப்பகுதிக்கு மீண்டும் சென்று கார்மனும் சில்குரி வசந்தராவும் 2014இல் வெளியிட்ட நூலும் மறு ஆய்வின் பயனைச் சபை வரலாற்றில் காட்டுவன.

காப்லன் 1987இல் வெளியிட்ட நூல் சென்னைச் சபைகளின் உள்நிலையை இன்னும் கூர்மையாகத் தொடுகிறது. மிஷன் கல்வியால் உயர்ந்த நடுத்தர வகுப்பினர் சபைத் தலைமையில் அமர்ந்து, சமூக சேவையையும் தாராள இறையியலையும் போற்றினர். எளிய வகுப்பினரோ நோய், கடன், பில்லிசூனியம், தீய ஆவி ஆகியவற்றின் அச்சத்தோடு வாழ்ந்தனர். இவையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிய சபையில் அவர்கள் தங்கள் துன்பத்தைச் சொல்ல இடமில்லை. பெந்தெகொஸ்தே குழுக்களும் சுகமளிக்கும் ஊழியக்காரரும் அத்துன்பத்தின் மொழியிலேயே அவர்களுக்கு விடையளித்தனர். உறுப்பினர் வேறு செபவீடுகளுக்குச் செல்வதைக் கள்ளப் போதனையின் விளைவென்றே கருதும் ஆயர், அவர்கள் சென்ற இடத்தில் அன்றி விட்டுச்சென்ற இடத்தில் காரணத்தைத் தேடவேண்டும் என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது. இதனால் அங்கே போதிக்கப்படுவன யாவும் சரியெனக் கொள்ளவேண்டியதில்லை. கேள்வியைக் கேளாமல் விடையை மறுப்பது முறையன்று என்பதே நாம் கூறுவது.

எண்ணுவதற்கும் ஒரு நெறி உண்டு

ஆய்வை விரும்பும் ஆயர் உடனே ஒரு வினாநிரலை அச்சிட்டு வீடுதோறும் அனுப்ப எண்ணக்கூடும். இதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. திருமறையில் கட்டளையின்படி நடந்த குடிமதிப்பும் உண்டு. தன் வலிமையை அறிய விரும்பித் தாவீது நடத்தி மக்கள்மேல் துன்பம் வருவித்த குடிமதிப்பும் உண்டு. யாருடைய நன்மைக்காக எண்ணுகிறோம் என்பது முதல் வினா.

எடுத்துக்காட்டாக, 2011ஆம் ஆண்டின் குடிமதிப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர் நூற்றுக்கு 6.12 பேர், பட்டியல் சாதியினர் 20.01 பேர். இவ்விரு எண்களும் ஒன்றையொன்று தொடாமல் நிற்பதற்குக் காரணம் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. அதன்படி இந்துக்களும், 1956இன் திருத்தத்தால் சீக்கியரும், 1990இன் திருத்தத்தால் பௌத்தரும் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த கிறிஸ்தவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். ஆகவே அரசின் ஏட்டில் ஒருவாறும், ஆராதனையில் வேறொருவாறும் அறியப்படுவோர் உண்டு. இதனை நேர்மையின்மை என்று எளிதில் தீர்ப்பிடுவோர், சட்டம் அவர்கள்முன் வைத்த தெரிவின் கடுமையை எண்ணிப் பார்க்கவேண்டும். இத்தகையோரின் விவரங்களைக் கவனமின்றி எழுதி வைப்பது அவர்தம் பிள்ளைகளின் கல்விக்கும் வேலைக்கும் கேடாக முடியலாம். ஸ்ரீபுரம், சென்னாநகர் எனப் புனைபெயர் இடும் வழக்கம் இத்தகைய கேட்டைத் தவிர்க்கவே எழுந்தது. ஆய்வாளருக்குக் கட்டாயமான இந்நெறி, பாவ அறிக்கையின் இரகசியத்தைக் காக்கும் ஆயருக்குப் புதியதாய் இராது.

வெள்ளானூரில் ஓர் ஆயர்

வெள்ளானூர் போன்ற ஓர் ஊருக்கு இளம் ஆயர் ஒருவர் அனுப்பப்படுகிறார் எனக் கொள்வோம். அவர் செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவது, ஊரின் வரைபடம் ஒன்றைத் தாமே நடந்து வரைய வேண்டும். ஏரி, வயல், பழைய ஊர்த் தெரு, காலனி, புதிய மனைப்பிரிவு, வாடகை வீடுகள், தொழிலாளர் தங்குமிடம், பேருந்து நிறுத்தம், கல்லறைத் தோட்டம், ஆலயம், ஆயரகம் ஆகியவற்றை அதில் குறிக்கவேண்டும். இரண்டாவது, தாம் கடந்த மூன்று மாதங்களில் சந்தித்த வீடுகளை அவ்வரைபடத்தில் புள்ளியிட வேண்டும். புள்ளிகள் எங்கே நெருங்கியுள்ளன, எங்கே ஒன்றுமில்லை என்பதை வேறொருவர் கூறவேண்டியதில்லை. மூன்றாவது, சேகரக் குழு, பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் ஆகியோரின் பட்டியலை எடுத்து, அவர்கள் எத்தெருவினர், எத்தொழிலினர், ஆணா பெண்ணா என்று நோக்கவேண்டும். நான்காவது, திருமணப் பதிவேட்டைப் பின்னோக்கி இருபது ஆண்டுகள் படிக்கவேண்டும். அதில் சாதி எழுதப்பட்டிராது. ஆனால் ஊர்ப் பெயர்களும் குடும்பப் பெயர்களும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடும். ஐந்தாவது, ஒரே இருக்கையில் அமரும் இருவருள் ஒருவர் நிரந்தரத் தொழிலாளராகவும், மற்றவர் அதே வேலையை ஒப்பந்தக் கூலிக்குச் செய்பவராகவும் இருக்கக்கூடும். பொருளாதாரக் காணிக்கையையும் சங்க சந்தாவையும் ஒரே அளவில் விதிக்குமுன் இதனை அறியவேண்டும்.

இவ்வைந்துக்கும் பணச் செலவில்லை. பட்டமும் தேவையில்லை. தேவையானது பொறுமை. சிறையிருப்பினரிடம் அனுப்பப்பட்ட எசேக்கியேல், பேசத் தொடங்குமுன் அவர்கள் குடியிருந்த இடத்திலேயே ஏழு நாள் மௌனமாய் உட்கார்ந்திருந்தார். களப்பணி என்று சமூகவியலார் கூறுவது ஏறக்குறைய இதுவே. ஆயினும் ஆயருக்கும் ஆய்வாளருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆய்வாளர் தம் நூலை எழுதிய பின்னர் ஊரை விட்டுச் செல்லலாம். ஆயரோ தாம் கண்டவற்றிற்குக் கண்டவர்கள் முன்னிலையிலேயே கணக்குக் கொடுக்கவேண்டியவர். வரைபடத்தில் புள்ளியில்லாத பகுதியைக் கண்டபின்னும் அங்கே செல்லாதிருந்தால், அறியாமை என்னும் சாக்கும் அவருக்கு இல்லாமற்போகும்.

இறுதியாக ஒன்று. நம் ஆயர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடம் மாற்றப்படுகின்றனர். பொறுப்பு ஒப்படைக்கும்போது கணக்கேடும், பாத்திரங்களும், சாவிகளும் எண்ணிக் கொடுக்கப்படுகின்றன. ஊரைப்பற்றி முன்னவர் அறிந்தது அவரோடு சென்றுவிடுகிறது. பின்னவர் முதலிலிருந்து தொடங்குகிறார். அவரை அழைத்துச் சென்று ஊரைக் காட்டுவோர் எப்போதும் காட்டுகிறவர்களே. இருவேல்பட்டை நான்கு தலைமுறையினர் அடுத்தடுத்து ஆராய்ந்ததுபோல, ஒவ்வொரு சேகரத்திலும் வரைபடமும் குறிப்பும் கொண்ட ஓர் ஏடு ஆயருக்குப்பின் ஆயரால் தொடர்ந்து எழுதப்பட வேண்டும். எவருடைய தனிச்செய்தியும் அதில் இடம்பெறலாகாது. தெருக்களும், தொழில்களும், வந்தவரும், சென்றவரும், நாம் இன்னும் நுழையாத வாசல்களும் அதில் இருந்தால் போதும். புதிய ஆயர் அதைத் திறந்து, முன்னவர் புள்ளியிடாது விட்ட தெருவினின்று தம் முதற் சந்திப்பைத் தொடங்குவாராக.